மீண்டும் பீப்பாய் வரை

வினமுக்காவுக்கு வடக்கே, ஜல்லி அள்ளி முடித்த குழி.
மூன்று பக்கம் மண்மேடு, நாலாம் பக்கம் காற்று.
ஏழரை மணிக்கே டிரக்குகள் பின்பக்கம் திறந்துவிட்டன,
சந்தை கூடுவது போல.

சொந்தமாக என்னிடம் ஒரு கைத்துப்பாக்கி.
ரைஃபிள், தங்கை கணவனிடம் இரவல்.
ஷாட்கன் மைட்டே எச்செவரியுடையது:
ஆட்டுப்பட்டிக் குடும்பம், பேச்சில் சிக்கனம்.
"உதைக்கும். மனசில் வச்சுக்காதே" என்று
நீட்டினாள்.

முதல் தடவையா, முதல் தடவையா என்று
எத்தனை பேர் கேட்டார்கள்!
ஆமாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
ஒருவர் காதுமூடி தந்தார். இன்னொருவர் பாதாம் பருப்பு.
பதினாறு வயசுப் பையன் ஒருவன்
பழுப்பு நாடாச் சுருள் ஒன்றைக் கையில் திணித்தான்:
"சுடாத நேரத்தில் ஓட்டை அடைக்கணும்."

எனக்கு யாரும் சொல்லவில்லை,
முக்கால்வாசி விளையாட்டே இதுதான் என்று.
அடுத்தவர் துளைத்ததை ஒட்டு,
அடுத்தவர் சாய்த்ததை நிமிர்த்து,
வரிசையில் வந்து நில்,
உன் பெயர் வராமலிருக்க வேண்டிக்கொள்.

"லாவெர்ன் டுக்!"

நடுவர் ஆஸ்குட்டின் தாடியில் டோனட் சர்க்கரை.
ஆயத்தமாகச் சொன்னார். ஆனேன்.
காத்திருக்கச் சொன்னார்.
காத்திருந்தேன், வாழ்நாளில் அப்படிக் காத்திருந்ததில்லை.

பீப்.

தூரத்து இரும்புத் தட்டைச் சுட்டேன். ஒன்றுமில்லை.
தவறிவிட்டது என்று நினைத்து முடித்தபிறகு,
தாமதமாக வந்த கடிதம் போல,
டிங்.
ஐயோ, அந்தச் சத்தம்!
ஐம்பத்திரண்டு வயசில் உச்சந்தலை வரை சிலிர்த்தது.
ஐந்து தட்டுக்குப் பதினாலு தோட்டா, இருக்கட்டும்.
ரைஃபிளைப் பீப்பாய்க்குள் தலைகீழாய் இறக்கிவிட்டு ஓடினேன்,
ஷாட்கன் கிடந்த மேசைக்கு.

கை நீட்டிய இடத்தில் கை நின்றது.

பாதுகாப்பு விசையைப் போட்டேனா?

வீட்டைப் பூட்டினோமா என்று
பாதி வழியில் வயிற்றைப் பிசையுமே, அது.
போடாமல் அடுத்த துப்பாக்கியைத் தொட்டால்
ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.
ஆனால் அந்த நொடியில் எனக்கு விதி நினைவுக்கு வரவில்லை.
பஸ்தான் வந்தது.

இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
கடைசி நிறுத்தம் முடிந்து, இன்ஜினை அணைத்து,
பின்வரிசை வரை நடந்து, ஒவ்வொரு இருக்கையும் பார்க்கவேண்டும்.
எப்போதும் காலி.
ஒரே ஒரு ஜனவரியில்
ஒரு கோட்டுக்கு அடியில் ஷூ தெரிந்தது.
ஷூவுக்குள் கால்.

திரும்பினேன்.
வெறுங்கையோடு, மணலில் தடதடவென்று, பீப்பாய் வரை.
குனிந்து பார்த்தேன்.
போட்டுத்தான் இருந்தேன்.

ஆஸ்குட் என் தோளுக்குப் பின்னாலேயே வந்தார்,
ஒரு வார்த்தை பேசாமல். அவர் கையிலிருந்த கடிகாரம்
யாருக்காகவும் நிற்கவில்லை.

மற்றதெல்லாம் சுருக்கம்.
ஷாட்கன் உதைத்தது; மனசில் வைத்துக்கொள்ளவில்லை.
நாலு குண்டை ஒரே பிடியில் திணிக்கப் போய்
இரண்டு உள்ளே, இரண்டு மணலில்.
கைத்துப்பாக்கிக்கு வந்தபோது
மூச்சு வாங்கியதில் காகித அட்டை மேலும் கீழும் ஆடியது.
நாடாவோடு போன பையன்
அட்டையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு
மரியாதையாகச் சொன்னான்:
"மேடம், இதில் ஒட்ட ஒன்றுமில்லை."

நாற்பத்தொரு பேரில் நாற்பதாவது.
கடைசி ஆள் துப்பாக்கி உடைந்து பாதியில் கிளம்பியவர்.

மைட்டே தன் ஷாட்கனை உறையில் போட்டபடி கேட்டாள்,
"எதுக்குத் திரும்பிப் போனே? ஒன்பது நொடி."
பழக்கம் என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"ஏப்ரலிலும் இதையே எடுத்துக்கோ."

திங்கட்கிழமை தோள் கத்தரிக்காய் நிறம்.
பேருந்துக் கதவை இடது கையால் இழுத்தேன்.
ராத்திரி, சமையலறையில் நின்று,
மருந்தில்லாத நாலு பொய்க்குண்டுகளை
எடுப்பதும் திணிப்பதும், எடுப்பதும் திணிப்பதும்.
மூன்று வரை போகிறது இப்போது.
நாலாவது, ஃபிரிட்ஜுக்கு அடியில் உருண்டுவிட்டது.
துடைப்பத்தோடு குப்புறப் படுத்திருக்கிறேன்.